அறுபதுக்கு மேல் உடற்பயிற்சி: நாற்காலியில் தொடங்கி ஏற்காட்டுச் சரிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஓய்வு பெற்ற மறு வாரமே புது ஷூ வாங்கிக்கொண்டு காந்தி ஸ்டேடியத்துக்கோ மூக்கனேரிக் கரைக்கோ கிளம்பிவிடுபவர்கள் சேலத்தில் நிறையப் பேர். மூன்றாவது வாரம் அவர்களைத் தேடினால், முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். பழி வயசின் மேல் விழும். பெரும்பாலும் பிசகியிருப்பது வரிசைதான்.

எங்கள் தெருவில் காலையில் கூடிப் பயிற்சி செய்யும் பெரியவர்களுக்குச் சில வருடங்களாக உதவிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் இல்லை. புதிதாக வருபவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இந்த வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்: முதலில் கால் பலம், அப்புறம் தடுமாறாமல் நிற்பது, அதன் பிறகு நடை, கைக்கு எடை, தரையில் உட்கார்ந்து எழுவது, கடைசியில் படியும் மலையும். நடை மூன்றாவதாக வருவதில் பலருக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் தொடையில் பலம் இல்லாமல் நடந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் மூட்டுதான் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் இந்த வரிசை.

1. மாத்திரை டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள்

“வாக்கிங் போகலாமா டாக்டர்?” என்று கேட்டால் “தாராளமாப் போங்க” என்றுதான் பதில் வரும். கேள்வியைக் கொஞ்சம் விரித்துக் கேளுங்கள். “உட்கார்ந்து எழும் பயிற்சி, சின்ன எடை தூக்குவது, படி ஏறி இறங்குவது இதெல்லாம் செய்யப்போகிறேன். இதில் எனக்கு எது ஆகாது?” என்றால் உருப்படியான பதில் கிடைக்கும்.

நெஞ்சுவலி வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், மயங்கி விழுந்தவர்கள், கடந்த ஒரு வருடத்தில் கீழே விழுந்தவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள், அண்மையில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், இவர்கள் டாக்டரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. கண் ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்குக் குனிவதும் எடை தூக்குவதும் கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். எலும்பு மெலிந்தவர்கள் குனிந்து கால்விரலைத் தொடுவது, படுத்து எழும் ‘சிட் அப்’ போன்றவற்றை விட்டுவிட வேண்டும். முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கி முறிவது அப்படி வளையும்போதுதான்.

மாத்திரைகளில் நான்கு வகையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சுகருக்கு இன்சுலின் போடுபவர்கள், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென இறங்கலாம். தொடங்கும் முன் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வந்தால் உடனே மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் அழுத்தம் இறங்கிக் கிறுகிறுக்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து அளந்து, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள். இதற்கு நேர்மாறாக, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே 180/110-ஐத் தொட்டால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோபுரோலால், அடெனோலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாது. இவற்றைச் சாப்பிடுபவர்கள் கையில் கட்டிய வாட்ச் காட்டும் துடிப்பை நம்பிப் பயிற்சியின் வேகத்தைக் கூட்டக்கூடாது. நான்காவது, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை. சித்திரை வெயிலில் அது உடம்பை எளிதில் வறளவைத்துவிடும்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதால் “வாயுப் பிடிப்பு” என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

டாக்டர் இருக்கும் இடம் தூரம் என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிபி, சுகர் பார்க்கும் பணியாளரிடம் பேசுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. பலர் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

2. தேவையான பொருட்கள்

கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு மர நாற்காலி. உட்காரும் பலகை முட்டி உயரத்துக்கு, சுமார் 43 செ.மீ. இருந்தால் போதும். அதன் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம்; டைல்ஸில் அதன் பின்கால் சறுக்கும்.

பின்பக்கம் மூடிய, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் ஷூ. ரப்பர் செருப்பில் விரலால் செருப்பைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருப்பதால் கால் தரையில் தேயும், இடறும். சுகர் இருப்பவர்கள் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டே போட வேண்டும். மரத்துப்போன பாதத்துக்கு உள்ளே கிடக்கும் கல் தெரியாது.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒரு தலையணை, நொடி முள் உள்ள கடிகாரம், ஒரு பழைய டைரி. அவ்வளவுதான். புடவை கட்டுபவர்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், வேட்டி என்றால் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு செய்யும் அம்மாக்களும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே சௌகரியம்.

3. முதல் நாள் அளவெடுப்பு

பயிற்சி தொடங்கும் முன் மூன்று அளவு எடுத்து டைரியில் தேதியோடு எழுதுங்கள். எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரியாமல், எவ்வளவு கூட்டலாம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

முதலாவது, 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு முழுசாக எழுந்து முழுசாக உட்கார வேண்டும். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வகுத்த கணக்குப்படி, 60 முதல் 64 வயதில் ஆண் 14, பெண் 12. 65 முதல் 69 வரை 12, 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இதற்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள்.

இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனம் தேவை.

மூன்றாவது, ஒரு காலின் குதிகால் மற்ற காலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து, பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பார்ப்பது.

பெரியவர்களிடம் இதைப் பரீட்சை மாதிரி நடத்தாதீர்கள். மருமகள் எண்ணிக்கொண்டு நிற்க, பேரன் வீடியோ எடுக்க, மாமனார் வேகமாக எழுந்து காட்டப்போய் இடுப்பைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கிற விபத்து.

4. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது: முதல் இரண்டு மூன்று வாரம்

வழிகாட்டியில் இதுதான் முக்கியமான பகுதி. இங்கே அவசரப்பட்டால் பின்னால் வருவது எல்லாமே ஆட்டம் காணும்.

ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். பாதம் இரண்டும் முன்னால் தள்ளிக் கிடக்கும். கை தானாக முட்டிக்குப் போகும். ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி, மூச்சைப் பிடித்து, “ம்ம்” என்று ஒரு முக்கலோடு எழுவார். எழுந்ததும் உடம்பு பின்னால் சாய்ந்து, கெண்டைக்கால் பலகை விளிம்பில் முட்டி, மறுபடி பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். இந்த ஒரு காட்சியில் நான்கு தவறு இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம்.

நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு விரித்து, குதிகால் முட்டிக்குச் சற்றே பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். பாதம் முன்னால் இருக்கும்வரை உடம்பின் எடையைக் கால்மேல் கொண்டுவரவே முடியாது. அதனால்தான் கை ஊன்றத் தோன்றுகிறது.

முதுகை நிமிர்த்தியபடியே இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பலர் இதைச் செய்யமாட்டார்கள். முன்னால் ஒருவர் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தால் பயம் போய்விடும். கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டாம். நீட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சைப் பிடித்தால் பிபி எகிறும். வாய்விட்டு “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணச் சொன்னால் மூச்சு தானாக வெளியே போகும். எழும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் ஒட்டாமல், கால்விரல் பார்க்கிற திசையையே பார்க்க வேண்டும். முட்டி உள்ளே மடங்குவதைத்தான் பெண்களிடம் அதிகம் பார்க்கிறேன். முட்டி வலிக்கு அது பெரிய காரணம்.

நிமிர்ந்து ஒரு கணம் நில்லுங்கள். அப்புறம் மூன்று எண்ணி மெல்ல உட்காருங்கள். எழுவது மட்டும்தான் பயிற்சி என்று நினைத்து, உட்காருவதை விட்டுவிடுகிறார்கள். மெல்ல உட்காரும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. படி இறங்குவதற்கும் மலைச் சரிவில் இறங்குவதற்கும் தேவையான பலம் இதுவேதான்.

ஐந்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான் என்பதால் தினமும் செய்ய வேண்டாம். எழவே முடியாதவர்கள் தலையணையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பத்துப் பத்தாக இரண்டு சுற்று எளிதாக வந்துவிட்டால், உட்காருவதற்கு ஐந்து எண்ணுங்கள்.

இதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. இது கெண்டைக்காலுக்கு, அதாவது ஒவ்வோர் அடியிலும் நம்மை முன்னே தள்ளும் தசைக்கு. சுவரில் கை ஊன்றிச் சாய்ந்து தள்ளுவது. கட்டிலிலிருந்து எழும்போதும் விழப்போகும்போதும் கை தாங்குவதற்கு.

“தேய்மானம்னு எக்ஸ்ரேயில வந்திருக்கு, இதைச் செஞ்சா இன்னும் தேயாதா?” என்று கேட்காதவர் கிடையாது. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுத் தேய்மான வலி குறையும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். செய்யும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலித்தால், முட்டி வீங்கினால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

5. தடுமாறாமல் நிற்பது

சுவர் மூலையில் முதுகைக் கொடுத்து நின்று, முன்னால் நாற்காலியின் முதுகை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிப்பு இருக்கும். கால்களைச் சேர்த்து 10 விநாடி. பிறகு ஒரு காலை அரைப்பாதம் முன்னால் நகர்த்தி 10 விநாடி. பிறகு ஒரே கோட்டில். பிறகு ஒற்றைக்கால். ஒரு நிலை பிடிக்காமல் வந்த பிறகே அடுத்தது.

வாரத்தில் மூன்று நாளாவது இது வேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லும் யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஈரமான பாத்ரூம் தரையில் அதைச் செய்யாதீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு செய்வது பின்னால் வரும் கட்டம். பாதம் மரத்துப்போன சுகர்காரர்களுக்குப் பார்வைதான் பாதி பிடிப்பு. அவர்கள் கண்ணை மூடவே வேண்டாம்.

6. இப்போது நடக்கலாம்

முதல் வாரம் ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், காலை மாலை இரண்டு வேளை. வாரத்துக்கு வாரம் ஒவ்வொரு வேளையிலும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் மாதமே அங்கே நிற்க வேண்டியதில்லை.

மிதமான வேகம் என்றால் பேச வரும், பாட வராது. தொடர்ந்து ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் யார் யார் வந்தார்கள் என்று நிதானமாகக் கதை பேசிக்கொண்டே போக முடிந்தால் வேகம் போதாது.

போனில் 10,000 அடி காட்டவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்கச் சூட்டிய பெயரிலிருந்து வந்த எண் அது. அதேபோல், தமிழக அரசு 2023-இல் மாவட்டந்தோறும் குறித்த 8 கி.மீ. நடைபாதையில் முதல் நாளே முழுத் தூரமும் போகத் தேவையில்லை. போன தூரம் திரும்பியும் வர வேண்டும் என்பதைப் பலர் பாதி வழியில்தான் உணர்கிறார்கள். ஒரே இடத்தைச் சுற்றுவதே நல்லது. முடியாதபோது உட்கார்ந்துவிடலாம், வீடும் பக்கம்.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் பகல் வெப்பம் 40 டிகிரியை ஒட்டிப் போகும். காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். வயசானால் தாகம் மந்தமாகிவிடும் என்பதால் தாகத்துக்குக் காத்திருக்காமல் கிளம்பும் முன்பே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான். அதிகாலை இருட்டில் கிளம்ப வேண்டாம். நாய்த் தொல்லை ஒருபுறம். மூடாத சாக்கடையும் பெயர்ந்த சிலாப்பும் தெரியாதது இன்னொருபுறம்.

கைத்தடி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தவறான கையில் பிடிக்கிறார்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். வலிக்கும் கால் முன்னே போகும்போது தடியும் கூடவே போக வேண்டும். அப்போதுதான் அந்தக் காலின் சுமையைத் தடி பங்குபோட்டுக்கொள்ளும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். கீழே ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

7. கைக்கு எடை, வாய்க்குப் புரதம்

வாரம் இரண்டு நாள், நாற்காலிப் பயிற்சி செய்யும் அதே நாட்களில். அரை லிட்டர் பாட்டிலை முழங்கை மடக்கித் தூக்குவது, பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது. பத்துப் பத்தாக. இங்கேயும் மூச்சைப் பிடிக்கக்கூடாது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இல்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாறுங்கள். வருடக்கணக்கில் அதே அரை லிட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதில் தசைக்கு ஒரு வேலையும் இல்லை.

தசை வளரப் புரதம் வேண்டும். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் தேவை என்பது நிபுணர் குழுக்களின் பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொன்னதே அளவு. காலையில் நான்கு இட்லி, இரவில் மூன்று இட்லி என்று இருப்பவர்களுக்கு இதில் பாதிகூட வராது. ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது சேர்ந்தால்தான் உண்டு. சாயங்கால நடையை முடித்துவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிடுவதை நான் தடுக்கப்போவதில்லை, தடுத்தாலும் சேலத்துக்காரர்கள் கேட்கப்போவதில்லை. அதைப் புரதக் கணக்கில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

8. தரையில் உட்கார்ந்து எழுவது

அம்மாப்பேட்டைப் பக்கம் குழித்தறியில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்தவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் தரையில் அமர்ந்து வேலை பார்த்தவர்கள் எங்களிடம் வருகிறார்கள். சம்மணம் போட்டு உட்கார அவர்களுக்குச் சிரமமே இல்லை. எழுவதற்குத்தான் ஆள் வேண்டும். விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் பாதி, எழ முடியாதோ என்ற பயம். அதனால் இதைத் தனியாகப் பழக வேண்டும். முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தரைக்கு வர வேண்டாம்.

பாயை விரித்து, பக்கத்தில் சுவரை ஒட்டி அதே மர நாற்காலியைப் போடுங்கள். இறங்கும்போது நாற்காலிப் பலகையைப் பிடித்து, ஒரு முட்டியை ஊன்றி, மற்ற முட்டியை ஊன்றி, கைகளை முன்னால் வைத்து, இடுப்பைப் பக்கவாட்டில் சாய்த்து உட்கார வேண்டும்.

எழும்போது மல்லாந்து படுத்த நிலையிலிருந்து பழகுங்கள். விழுந்தவர் பெரும்பாலும் அப்படித்தான் கிடப்பார். ஒருக்களித்துப் படுங்கள். முழங்கையை ஊன்றி, அப்புறம் உள்ளங்கையை ஊன்றி எழுந்து, நான்கு காலில் தவழும் நிலைக்கு வாருங்கள். நாற்காலி வரை தவழ்ந்து போய் இரண்டு கையையும் பலகையில் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து ஊன்றி, கையும் காலுமாகத் தள்ளி எழுந்து, திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். உடனே நடக்க வேண்டாம். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் கிறுகிறுப்பு வருவது தெரிந்துவிடும்.

பலர் நேராக உட்கார்ந்த நிலையிலிருந்து குந்தி எழப் பார்ப்பார்கள். அது இளவயசு வழி. முட்டியும் இடுப்பும் ஒரே நேரத்தில் முழு எடையைத் தூக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உண்மையிலேயே விழுந்துவிட்டால் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். முதலில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பில் வலி, கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடப்பது, தலையில் அடி இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

9. படியும் ஏற்றமும்

நாற்காலிக் கணக்கில் உங்கள் வயசுக்கான எண்ணைத் தாண்டி, முப்பது நிமிடம் தொடர்ந்து நடக்க முடிந்த பிறகு இங்கே வாருங்கள்.

முதலில் வாசற்படி. ஒரே படியில் ஏறி, மூன்று எண்ணி இறங்குவது. கைப்பிடியோ சுவரோ கைக்கு எட்ட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் எட்டுப் பத்து முறை. ஒரு முட்டி மட்டும் வலிப்பவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள். ஏறும்போது மேலே இருக்கும் காலும், இறங்கும்போது பின்னால் நிற்கும் காலும்தான் உழைக்கின்றன. இரண்டிலும் அது நல்ல காலாக இருக்கும்.

அப்புறம் மாடிப்படி. அதன் பிறகுதான் குமரகிரி, ஊத்துமலை போன்ற கோயில் குன்றுகள். பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டு, இறங்கும்போது கால் வெடவெடவென்று நடுங்க உட்கார்ந்துவிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏறுவதில் இதயமும் மூச்சும் உழைக்கும். களைப்பு அப்போதே தெரியும். இறங்குவதில் தொடை உழைக்கும். வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்கு வரும். எனவே ஏறும்போது “இன்னும் தெம்பு இருக்கு” என்று தோன்றும் இடத்திலேயே திரும்பிவிடுங்கள். அந்த மிச்சம் இறங்குவதற்கு வேண்டும். அடுத்த இரண்டு நாளுக்குப் படி வேண்டாம்.

படிப்பதற்கும் தூரத்தில் பார்ப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுபவர்கள் கவனியுங்கள். கீழ்ப்பாதி படிப்பதற்கானது. படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். தாடையைத் தாழ்த்தி, மேல்பாதி வழியாகப் பாருங்கள்.

10. ஏற்காட்டில் ஒரு நாள்

சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆரோக்கியமானவருக்கு அந்த உயரத்தால் தொல்லை இல்லை. தொல்லை வருவது வேறு இடங்களில்.

முதலாவது, போகும் வழி. இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் பெரும்பாலான மாத்திரைகள் பெரியவர்களுக்குத் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். போட்டிருந்தால் அன்று சரிவுப் பக்கம் போகவே வேண்டாம். போடாதவர்களும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடக்கத் தொடங்காமல், ஐந்து நிமிடம் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கிக் காலை விழிக்கவிடுங்கள்.

முதல் தடவை ஏரிக்கரைப் பக்கம் சமதளமான இடத்தில் மட்டும் நடங்கள். இரண்டாம் தடவை பகோடா பாயின்ட் போன்ற இடத்தில் சின்ன ஏற்ற இறக்கம். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும்; வெளியே வந்து சட்டென நிமிர்ந்தால் தலை சுற்றலாம், பக்கத்தில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளியூர் அருவிக்கு இறங்கும் வழி செங்குத்து. அதை இளவட்டங்களுக்கு விட்டுவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடித்த கல்லும் உதிர்ந்த சில்வர் ஓக் இலையும் வழுக்கும். சரிவில் நேர்கோட்டில் இறங்காமல், முட்டியைச் சற்றே மடக்கி, அடியைச் சிறிதாக்கி, குறுக்கும் மறுக்குமாக இறங்குங்கள். அதிகாலைக் குளிரில் பிபி ஏறும். வெயில் வந்த பிறகு, காதை மூடிக்கொண்டு கிளம்பினால் போதும். காப்பித் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் காட்டுமாடு நிற்பதும் அந்த அதிகாலையில்தான். வியர்க்காததால் தண்ணீர் வேண்டாம் என்று தோன்றும். சேலத்தில் குடிக்கும் அளவைக் குடியுங்கள்.

11. நடுவில் நின்றுபோனால்

காய்ச்சல், பேத்தி கல்யாணம், ஊருக்குப் போனது என்று ஏதாவது ஒன்றில் பயிற்சி நிற்கத்தான் செய்யும். ஒரு வாரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் பாதி எண்ணிக்கை, பாதி நேரம். ஆஸ்பத்திரியில் படுத்து வந்தவர்கள் டாக்டர் சரி என்ற பிறகு நான்காம் பகுதியிலிருந்து, தலையணை போட்ட நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டும். படுத்தபடுக்கையில் தொடைத் தசை சில நாட்களிலேயே கரையத் தொடங்கும். நடையை முதலில் மீட்கப் பார்ப்பவர்கள்தான் இந்தக் கட்டத்தில் விழுகிறார்கள்.

காய்ச்சல் இருக்கும் நாளில் எதுவும் வேண்டாம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில், அதே ஷூவோடு மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். எண் ஏறவில்லையென்றால் முதலில் சாப்பாட்டையும், அப்புறம் நாற்காலிப் பயிற்சியில் உட்காரும் வேகத்தையும் பாருங்கள். எண் இறங்கியிருந்தால், அல்லது 3 மீட்டர் நடைக்கு முன்பைவிட இரண்டு மூன்று விநாடி கூடுதலாக ஆனால், டைரியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். புதிதாகச் சேர்த்த மாத்திரை, விட்டமின் பி12 குறைவு, தைராய்டு, கண்ணாடி பவர் என்று அவர் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கும். தேதி போட்ட எண்கள் இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்குச் சட்டெனத் தெரிந்துவிடும்.